இன்ஜின் ஹெட்டைக் கழற்றினால் பிஸ்டன் கார்பனை எப்படி எடுக்கணும்? வண்டி வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

"ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு சார், ஹெட்டை இறக்கணும்." ஜிஎஸ்டி சாலை நெரிசலில் இன்ஜின் சூடேறி, குரோம்பேட்டையிலோ பெருங்களத்தூரிலோ காரை ஓரம் கட்டியவர்கள் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. ஹெட் வளைந்தோ விரிசல் விட்டோ இருந்தால், வேறு ஹெட்டே மாற்ற வேண்டி வரும்.

ஹெட்டைக் கழற்றியதும் முதலில் கண்ணில் படுவது பிஸ்டன் தலையில் அப்பியிருக்கும் கறுப்புப் படலம்தான். "இதையும் சுரண்டி சுத்தம் பண்ணிடலாம்" என்பார் மெக்கானிக். நல்லதுதான். ஆனால் தப்பான முறையில் சுரண்டினால், சரி செய்ய வந்த இன்ஜினை மறுபடியும் பிரிக்க வேண்டிய நிலை வரலாம்.

கார்பன் ஏன் படிகிறது?

எரிபொருள் முழுசாக எரியாதபோது மிஞ்சுவதும், பிஸ்டன் ரிங் அல்லது வால்வ் சீல் வழியாகக் கசிந்து எரியும் ஆயிலும்தான் கார்பனாகப் படிகின்றன. சேலையூரிலிருந்து தாம்பரம் ஸ்டேஷன் வரை மட்டும் தினமும் போய் வரும் காரில், இன்ஜின் முழுச் சூட்டுக்கு வரும் முன்பே சாவியைத் திருப்பி ஆஃப் செய்துவிடுகிறோம். மேடவாக்கம், பள்ளிக்கரணை வழியாக ஊர்ந்து போகும் ஓட்டமும் இதே கதைதான். இப்படி ஓடும் வண்டிகளில் கார்பன் சீக்கிரம் சேரும்.

மெல்லிய படலம் எல்லா இன்ஜினிலும் இருக்கும். அதற்காக மட்டும் ஹெட்டைக் கழற்றத் தேவையில்லை. ஆனால் தடிமனாகப் படிந்தால் எரியும் அறையின் இடம் குறைந்து அழுத்தம் கூடும். பெட்ரோல் இன்ஜினில், கனன்று கிடக்கும் கார்பன் துண்டு, பிளக் பொறி வரும் முன்பே பெட்ரோலைப் பற்ற வைத்துவிடும். மேம்பாலம் ஏறும்போது கேட்கும் 'டக் டக்' சத்தத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

சுரண்டும் முன் ஒரு போட்டோ எடுங்க

பிஸ்டன் தலை, இன்ஜினின் மெடிக்கல் ரிப்போர்ட் மாதிரி. சுரண்டிவிட்டால் ரிப்போர்ட் போய்விடும்.

* காய்ந்த, புகைக்கரி போன்ற கறுப்பு: எரிபொருள் அதிகமாகப் போகிறது. ஏர் ஃபில்டர், இன்ஜெக்டரைப் பார்க்கணும்.
* ஈரமான, பிசுபிசுப்பான கறுப்பு: ஆயில் மேலே வருகிறது. ரிங், வால்வ் சீலைப் பார்க்காமல் சுரண்டினால் கார்பன் திரும்ப வந்துவிடும்.
* மற்றவை கறுப்பாக இருக்க ஒரே ஒரு பிஸ்டன் மட்டும் கழுவியது போல பளிச்சென்று இருந்தால் சந்தோஷப்பட வேண்டாம். கூலன்ட் அந்த சிலிண்டருக்குள் கசிந்து, ஆவியாகி அதைக் கழுவியிருக்கலாம்.

எப்படி சுத்தம் செய்யணும்?

நான்கு சிலிண்டர் கார் இன்ஜினில் 1, 4 ஆகிய பிஸ்டன்கள் சேர்ந்து மேலே வரும். 2, 3 கீழே போகும். மேலே வந்த இரண்டை முதலில் சுத்தம் செய்ய வேண்டும். கீழே இருக்கும் சிலிண்டர்கள், ஆயில் ஓட்டைகள், கூலன்ட் ஓட்டைகள், போல்ட் துளைகள் எல்லாவற்றையும் சுத்தமான துணியால் மூடணும்.

பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கில் சுற்றிலும் கிரீஸ் தடவ வேண்டும். உதிரும் கார்பன் ரிங்குக்குள் போகாமல் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும். கார்பன் கிளீனரைத் துணியில் நனைத்துக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, பிளாஸ்டிக் அல்லது மரச் சுரண்டியால் எடுக்கணும். கிளீனரை அப்படியே ஊற்றினால் ரிங்கைத் தாண்டி ஆயிலில் கலந்துவிடும். கடைசியில் பிஸ்டனைக் கொஞ்சம் கீழே இறக்கினால், கார்பனோடு கிரீஸ் வளையம் சுவரில் தங்கும். அதைத் துடைத்து எடுத்துவிட வேண்டும். பிறகு கிராங்கைத் திருப்பி மற்ற இரண்டு பிஸ்டன்களுக்கும் இதே வேலை.

எதைப் பயன்படுத்தக் கூடாது?

பிஸ்டன் அலுமினியக் கலவை. ஸ்க்ரூடிரைவரால் குத்திச் சுரண்டினால் கோடு விழும். அந்தக் கோட்டில் கார்பன் மறுபடி பிடிக்கும். அதைவிட ஆபத்து, டிரில்லில் மாட்டிச் சுற்றும் தேய்ப்பு டிஸ்க்கும் உப்புத்தாளும். அவற்றிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்ஸைடு தூள் ஆயிலில் கலந்து பேரிங்கைத் தின்றுவிடும். இதனால்தான் இன்ஜின் வேலைகளில் இத்தகைய டிஸ்க்குகள் வேண்டாம் என்று ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் சர்வீஸ் மையங்களையே எச்சரித்திருக்கிறது.

வெள்ளத்தில் சிக்கிய வண்டியா?

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது முடிச்சூர், வரதராஜபுரம், பள்ளிக்கரணை பகுதிகளில் வண்டிகள் தண்ணீரில் மூழ்கின. இப்படி மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்தால், சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் நசுங்காது. கனெக்டிங் ராடு வளையும். ஹெட் கழன்றிருக்கும்போது இதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒவ்வொரு பிஸ்டனையும் உச்சிக்குக் கொண்டு வந்து உயரத்தை அளக்கணும். ஒன்று மட்டும் தாழ்ந்து நின்றால் ராடு வளைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஹெட் மாட்டும் முன் மெக்கானிக்கிடம் என்ன கேட்கணும்?

* ஹெட் மட்டமாக இருக்கிறதா என்று ஸ்கேல், ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்தாச்சா? மாற்றுவது பழைய ஹெட் என்றாலும் இந்தச் சோதனை கட்டாயம்.
* ஹெட் கேஸ்கெட் புதுசா? ஒருமுறை இறுக்கினால் நீளும் வகை போல்ட் என்றால், அதுவும் புதுசா?
* போல்ட் துளைகளில் தண்ணீர், ஆயில் இல்லையே? தேங்கியிருந்தால் இறுக்கும்போது பிளாக்கே விரிசல் விடலாம்.
* டார்க் ரெஞ்ச் வைத்து, கம்பெனி சொன்ன வரிசையில் இறுக்குவீர்களா?
* இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர் புதுசு போடுவீர்களா?
* ரேடியேட்டரில் போர் தண்ணீருக்குப் பதிலாக கூலன்ட் ஊற்றுவீர்களா? உப்புத் தண்ணீர் உள்ளே படிந்து அடைத்தால் மறுபடி சூடேறும், மறுபடி ஹெட் வேலைதான்.

பிஸ்டன் போட்டோவையும் பில்லையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேறு ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும், இன்ஜினுக்குள் என்ன இருந்தது என்று காட்ட அது உதவும்.