பிரசவ அறையில் செவிலியர் என்ன செய்கிறார்?



"பிரசவ வார்டுக்கு எந்தக் கருவி வாங்கித் தரலாம்?" என்று உங்களில் சிலர் கடிதத்தில் கேட்பதுண்டு. பதில் சொல்லுமுன், அந்தக் கதவுக்குப் பின்னால் இரவெல்லாம் நடப்பது என்ன என்பதை உங்களுக்கு விளக்க விரும்புகிறேன். நான் மருத்துவன் அல்ல; பிரசவ அறைக்குள் போகிறவனும் அல்ல. வராந்தா பெஞ்சில் குடும்பத்தாரோடு உட்கார்ந்திருப்பதே என் ஊழியம். அங்கே என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு நம் சிஸ்டர்களிடம் கேட்டு அறிந்துகொண்ட பதில்களையே எழுதுகிறேன்.

நம் பகுதியில் தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வருவது வழக்கம். வலி எடுக்கும் நேரத்தில் கணவர் பக்கத்தில் இருப்பது அரிது. நாமக்கல், சங்ககிரி லாரியில் வடக்கே போயிருப்பார். அல்லது திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு வேறு மாநிலத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டிக்கொண்டிருப்பார். பெஞ்சில் இருப்பவர்கள் தாயும் மாமியாரும்தான். "ஏனுங்க ஐயா, உள்ள போயி நாலு மணி நேரமாச்சுங்களே, ஒண்ணுமே பண்ணாம வெச்சிருக்காங்களே?" என்று ஒரு மாமியார் ஒருமுறை என்னிடம் கேட்டார்.

ஒன்றும் செய்யாததுபோல் தோன்றும் அந்த நேரத்தில்தான் செவிலியரின் வேலை அதிகம். அரை மணிக்கு ஒருமுறை குழந்தையின் இதயத் துடிப்பை ஒரு நிமிடம் முழுவதும் கேட்கிறார். வயிற்றில் கை வைத்து, 10 நிமிடத்தில் எத்தனை வலி வருகிறது, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று எண்ணுகிறார். நாடி, இரத்த அழுத்தம், காய்ச்சல் ஆகியவற்றைப் பார்க்கிறார். கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை நான்கு மணிக்கு ஒருமுறை சோதிக்கிறார். அடிக்கடி சோதித்தால் கிருமி தொற்றும். சிறுநீர் கழிக்க நினைவூட்டுகிறார். இளநீரோ கஞ்சியோ குடிக்கத் தருகிறார். படுத்தே கிடக்காமல் நடக்கச் சொல்கிறார், இடுப்பைத் தேய்த்துவிடுகிறார்.

பார்த்தவை எல்லாம் ஒரு தாளில் கோடாகவும் புள்ளியாகவும் பதிவாகின்றன. இதன் பெயர் பார்ட்டோகிராஃப். 1972-ஆம் ஆண்டில் பில்பாட், காசில் என்ற இரு மருத்துவர்கள் இன்றைய ஜிம்பாப்வே நாட்டில் இதை வகுத்தார்கள். டாக்டர் இல்லாத சிறு கிளினிக்குகளில் மருத்துவச்சிகள், பிரசவம் தடைபடுவதைக் காலத்தோடு கண்டு பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பதே அதன் நோக்கம். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட புதிய படிவத்தில், அந்தப் பெண்ணுக்குத் துணையாக யாராவது உடனிருக்கிறார்களா என்று குறிக்கவும் ஒரு கட்டம் உண்டு.

துணை இருப்பது வெறும் ஆறுதலுக்காக மட்டுமா? 17 நாடுகளில் நடந்த 26 ஆய்வுகளை 2017-ல் தொகுத்துப் பார்த்தார்கள். பிரசவம் முழுவதும் ஒருவர் விடாமல் உடனிருந்த பெண்களுக்குச் சுகப்பிரசவம் கூடியது, சிசேரியன் குறைந்தது, வலி நேரமும் சற்றுக் குறைந்தது. தமிழக அரசு 2004-லேயே அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது பெண் துணை ஒருவர் உடனிருக்க அனுமதித்தது.

குழந்தை பிறந்ததும் பெஞ்சில் எல்லாரும் எழுந்து நிற்பார்கள். முடிந்துவிட்டது என்று எண்ணுவார்கள். செவிலியருக்கோ மிக ஆபத்தான இரண்டு மணி நேரம் அப்போதுதான் தொடங்குகிறது. நம் நாட்டில் பேறுகாலத்தில் தாய்மார் இறப்பதற்கு முக்கியக் காரணம் இரத்தப்போக்கு. ஆகவே குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி போடப்படுகிறது. நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் அது முழுதாக இருக்கிறதா என்று பார்க்கிறார். பிறகு கால் மணிக்கு ஒருமுறை அடிவயிற்றைத் தொட்டு, கர்ப்பப்பை பந்துபோல் கெட்டியாக இருக்கிறதா என்று உறுதி செய்கிறார். இளகியிருந்தால் உடனே தேய்த்துவிட்டு டாக்டரை அழைக்கிறார். அரை லிட்டருக்கு மேல் இரத்தம் போனால் அது அபாயம். நெல்வயலில் மடை உடைந்தால் உடனே பார்த்தவன்தான் அடைக்க முடியும். விடிந்து வருகிறவனால் முடியாது. இதுவும் அப்படியே.

இதே நேரத்தில் குழந்தையைத் துடைத்துத் தாயின் மார்பில் கிடத்துகிறார். ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கச் செய்கிறார். சேனை வைக்கச் சர்க்கரைத் தண்ணீரோடு காத்திருக்கும் பாட்டிமாரிடம், சீம்பால்தான் முதல் மருந்து என்று பொறுமையாக எடுத்துச் சொல்கிறார்.

நம் மாவட்டங்களில் இன்னுமொரு பொறுப்பும் அவர்மேல் விழுகிறது. 1992-ல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில்தான் தொடங்கியது. காரணம் உங்களுக்குத் தெரியும். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகளே இருந்தார்கள். 2011-ல் அது 900-ஐத் தாண்டியது நன்றிக்குரியது. ஆனாலும் குறை தீர்ந்துவிடவில்லை. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆகவே அந்தச் செய்தியை முதன்முதல் சொல்கிறவர் பெரும்பாலும் செவிலியரே. அதை அவர் எந்தக் குரலில் சொல்கிறார் என்பது முக்கியம். ஒரு விடியற்காலையில் நம் சிஸ்டர் ஒருவர் வெளியே வந்து அதே மாமியாரிடம், "பேத்தி நல்லா சத்தமா அழறாங்க பாட்டி, முகம் உங்க ஜாடைதான். வாங்க, வந்து கையில வாங்குங்க" என்றார். அந்த அம்மாள் ஒரு கணம் தயங்கினார். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார். ஆண் பிள்ளைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனுக்கு அடங்காத சிப்பிராள், பூவாள் என்ற மருத்துவச்சிகளை அப்போது நினைத்துக்கொண்டேன்.

2001–03-இல் தமிழ்நாட்டில் உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 134 தாய்மார் இறந்தார்கள். 2018–20-இல் 54 பேர். அந்த ஆண்டுகளில் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர் முறை வைத்து 24 மணி நேரமும் பணியாற்றத் தொடங்கினார்கள். 108 ஆம்புலன்ஸ், இரத்த வங்கி, டாக்டர்கள் எல்லாரும் இதில் பங்குள்ளவர்கள். ஆனால் ஆபத்தை முதலில் காண்பது கட்டிலருகே நிற்கும் கண்தான்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கருவி வேண்டும்தான். ஆக்ஸிடோசின் மருந்தைக் குளிர்ச்சியில் வைக்காவிட்டால் சேலத்து வெயிலில் வீரியம் குறையும். அதற்கு நல்ல ஃபிரிட்ஜும், மின்சாரம் போனால் ஜெனரேட்டருக்கு டீசலும் தேவை. ஆனால் ஒரே இரவில் மூன்று பெண்களுக்கு வலி எடுத்து, பணியில் ஒரே செவிலியர் இருந்தால், எந்தக் கருவியும் அவரை மூன்று கட்டிலருகே நிறுத்தாது. ஆகவே உங்கள் காணிக்கையில் ஒரு பங்கை, இரவுப் பணிக்கு இன்னொரு செவிலியரின் சம்பளத்துக்கு என்று குறித்து அனுப்பினால் மகிழ்வோம். அதன்மேல் உங்கள் பெயரைப் பொறித்து வைக்க இயலாது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு ஒரு தாயின் வயிற்றைத் தொட்டுப் பார்க்க ஒரு கை அங்கே இருக்கும்.