கடையின் இணையச் சாவி யார் கையில்?

2024 மார்ச் மாதம் கூகுள் நிறுவனம், சிறு வணிகர்களுக்குத் தான் இலவசமாக அமைத்துக் கொடுத்திருந்த வலைத்தளங்களை மூடியது. ‘பிசினஸ் டாட் சைட்’ என்று முடியும் முகவரிகள் அவை. அங்கே வந்தவர்களைச் சில மாதங்கள் வரைபடத்தில் உள்ள கடையின் விவரப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டார்கள். ஜூன் 10-க்குப் பிறகு அந்த ஏற்பாடும் நின்றது. அதற்கு முந்தைய ஆண்டு ஜூலை 1 அன்று கூகுள் அனலிட்டிக்ஸின் பழைய பதிப்பு புதிய வருகைகளைப் பதிவதை நிறுத்தியது. ஓராண்டு கழித்துப் பழைய பதிவுகளைப் பார்க்கும் வழியும் அடைபட்டது. முன்கூட்டியே படியெடுத்து வைக்காதவர்கள் பல ஆண்டுக் கணக்கை இழந்தார்கள். 2021 அக்டோபர் 4 அன்று, மலேசிய நேரப்படி நள்ளிரவுக்குச் சற்று முன்பு, முகநூல், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் எனும் புலனம் மூன்றும் உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் முடங்கின. மீண்டு வர ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆயிற்று.

இலவசமாகத் தருகிறவருக்கு நிறுத்தவும் உரிமை உண்டு. அதற்காக எந்த நிறுவனத்தையும் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இணைய விளம்பரத் தொழிலில் இருப்பவர்களும், அவர்களை நம்பிப் பணம் கொடுக்கும் கடைக்காரர்களும் இதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். கருவிகள் வரும், போகும். கடையின் பெயரில் ஒரு முகவரி, கடையின் வருகைக் கணக்கு, வாடிக்கையாளர் பட்டியல் ஆகிய மூன்றும் கடைக்காரர் கையில் இருந்தால் எந்தக் கருவி போனாலும் வியாபாரம் நிற்காது. விளம்பரத்துக்கு முதல் ரிங்கிட்டைச் செலவிடுவதற்கு முன்பே இந்த மூன்றையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். பெருநிறுவனங்களைவிடச் சிறு கடைகளுக்குத்தான் இது அதிகம் பொருந்தும். ஏனென்றால் ஒருமுறை இழந்ததைத் திரும்பக் கட்டியெழுப்ப அவர்களிடம் ஆளும் இல்லை, பணமும் இல்லை.

புக்கிட் தெங்காவை எடுத்துக்கொள்வோம். பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில், பட்டர்வொர்த்துக்கும் புக்கிட் மெர்தாஜாமுக்கும் இடையே கொம்யூட்டர் ரயில் நின்று போகும் ஊர் அது. தொழிற்பேட்டையும் குடியிருப்புத் தாமான்களும் கலந்து கிடக்கும் வட்டாரம். இங்குள்ள கடையின் அஞ்சல் முகவரி ‘14000 புக்கிட் மெர்தாஜாம்’ என்று முடியும். உள்ளூர்க்காரரோ ‘ஜூரு ஆட்டோ சிட்டி பக்கம்’ என்று வழி சொல்வார். தீவிலிருந்து பாலம் கடந்து வருகிறவர் ‘பிறை’ என்று தேடக்கூடும். ஒரே கடைக்கு மக்கள் வாயில் இத்தனை ஊர்ப்பெயர்கள் இருக்கும்போது, தேடுகிறவரைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது வரைபடத்தில் குறிக்கப்பட்ட புள்ளிதான். பொருத்தம், தூரம், பெயர்பெற்ற நிலை ஆகியவற்றை வைத்தே உள்ளூர்த் தேடலில் கடைகளை வரிசைப்படுத்துவதாகவும், பணம் கொடுத்து அந்த வரிசையில் முன்னேற முடியாது என்றும் கூகுளே சொல்கிறது. சிறு கடைக்காரருக்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன வேண்டும்?

ஆகவே முதல் வேலை கூகுள் பிசினஸ் புரொஃபைல் எனப்படும் இலவச விவரப் பக்கத்தைச் சரிசெய்வது. வரைபடப் புள்ளி கடை வாசலில் விழுகிறதா, பின்சந்தில் விழுகிறதா என்று பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். கடை வகையைப் பொதுவாகக் ‘கடை’ என்று விடாமல் பூக்கடை, உணவு வழங்குநர், கார் பட்டறை என்று குறிப்பாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். தைப்பூசம், தீபாவளி நாள்களுக்கும், ஜூலை இறுதியில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாக் கூட்டம் வரும் நாள்களுக்கும் தனி வேலை நேரம் குறிக்க அதிலேயே வசதி இருக்கிறது. பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிப் போன வாடிக்கையாளர் மறுமுறை வருவது அரிது. கடைப் பெயரோடு ‘பினாங்கில் சிறந்த’, ‘மலிவு விலை’ போன்ற சொற்களை ஒட்டவைப்பது விதிமீறல், பக்கமே முடக்கப்படலாம். காசு கொடுத்து நல்ல கருத்துகள் எழுத வைப்பதும் அப்படித்தான்.

இரண்டாவது வேலை சொந்த முகவரி. மலேசியாவில் ‘டாட் மை’ என்று முடியும் பெயர்களை நிர்வகிப்பது மைனிக். அங்கீகரிக்கப்பட்ட பதிவாளர் மூலம் ஆண்டுக் கட்டணம் கட்டிப் பெயரை எடுத்துக்கொள்ளலாம். இங்கே கவனிக்க வேண்டியது விலையைவிடப் பதிவு யார் பெயரில் இருக்கிறது என்பதைத்தான். வலைத்தளம் செய்து கொடுக்கிறவர் தம் மின்னஞ்சலிலேயே முகவரி, வருகைக் கணக்கு, வரைபடப் பக்கம் எல்லாவற்றையும் திறந்துவிட்டால், உறவு முறியும் நாளில் கடைக்காரர் வெறுங்கையோடு நிற்பார். விவரப் பக்கத்தில் உரிமையாளர், மேலாளர் என்று இரண்டு நிலைகள் உண்டு. கடைக்காரர் உரிமையாளராகவும் விளம்பர நிறுவனம் மேலாளராகவும் இருப்பதே முறை. நேர்மையான நிறுவனம் இதை முதல் நாளே தானாகச் செய்து கொடுக்கும். செய்யத் தயங்குகிறவரிடம் கடைக்காரர் காரணம் கேட்க வேண்டும்.

மூன்றாவது வேலை அளப்பது. ‘நிறைய லைக் வந்தது’ என்பது கணக்கில் சேராது. யார் எதைத் தேடி வந்தார்கள், வந்தவர்களில் எத்தனை பேர் அழைத்தார்கள் என்பதே கணக்கு. கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவி, மக்கள் என்ன சொல்லைத் தட்டியபோது உங்கள் பக்கம் தென்பட்டது, அதில் எத்தனை முறை திறக்கப்பட்டது என்பதைக் காட்டுகிறது. 16 மாதத் தரவைத்தான் அது வைத்திருக்கும். எனவே ஆண்டுக்கு ஒருமுறையாவது பதிவிறக்கி வைத்துக்கொள்வது நல்லது. துண்டறிக்கையிலோ பதாகையிலோ கியூஆர் குறியீடு அச்சிடுகிறவர்கள், அது போய்ச்சேரும் முகவரியின் வாலில் ‘யூடிஎம்’ எனப்படும் அடையாளக் குறிப்பைச் சேர்க்கலாம். கோயில் வாசலில் கொடுத்த தாளுக்கு ஒரு குறிப்பு, தொழிற்சாலை உணவகத்தில் ஒட்டியதற்கு இன்னொன்று என்று வைத்தால், எந்த இடம் ஆளைக் கொண்டுவந்தது என்பது மாத முடிவில் தெரிந்துவிடும். அடுத்த மாதம் எங்கே அச்சுச் செலவைக் குறைக்கலாம் என்பதை ஊகிக்க வேண்டியிருக்காது.

பக்கம் திறக்கும் வேகத்தையும் அளந்து பார்க்கலாம். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் திரையில் வந்துவிட வேண்டும் என்பது கூகுள் வகுத்த அளவுகோல். பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் என்ற பக்கத்தில் முகவரியை இட்டால் நிலவரம் தெரியும். சிறு கடைகளின் தளங்கள் தாமதமாவதற்குப் பெரும்பாலும் காரணம், கைப்பேசியில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றிவிடுவதுதான். ஸ்குவூஷ் என்ற இலவசத் தளத்தில் அந்தப் படத்தின் பரிமாணத்தைக் குறைத்து வெப்பி வடிவத்துக்கு மாற்றினால், கோப்பு பல மடங்கு சிறிதாகும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. பயணத்தில் தேடுகிறவரின் கைப்பேசிக்கு இந்த ஒரு திருத்தமே பெரிய உதவி.

தமிழில் வியாபாரம் செய்கிறவர்களுக்குத் தனியாக மூன்று நுணுக்கங்கள் உண்டு. முதலாவது, சுவரொட்டியாகப் படத்துக்குள் வடித்த எழுத்தைத் தேடுபொறி நம்பகமாகப் படித்துக்கொள்ளும் என்று எண்ணக் கூடாது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டியதும் உள்ளுக்குள் ஆங்கில எழுத்துகளாகவே கிடக்கும். விலை, நேரம், பொருள் விவரம் எல்லாம் யூனிகோடு எழுத்தாகப் பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டாவது, கௌரி என்ற பெயரைச் சரியாகத் தட்டினால் ககரத்துடன் ஔகாரக் குறி ஒன்று சேரும். பலர் ‘கெ’ போட்டு அடுத்து ‘ள’ போடுகிறார்கள். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிந்தாலும் கணினிக்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். பலகையில், வரைபடத்தில், தளத்தில் மூன்று விதமாக இருந்தால் தேடலில் கடை சிதறிப்போகும். மூன்றாவது, செய்தியின் நீளம். குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கில எழுத்துகள் 160 அடங்கும். தமிழ் கலந்தால் 70 குறியீடுகள்தான். ‘தீபாவளி நல்வாழ்த்துகள்’ என்பது நம் கணக்கில் 12 எழுத்து. புள்ளியும் துணைக்குறிகளும் தனித்தனியாக எண்ணப்படுவதால் கணினிக் கணக்கில், இடைவெளியையும் சேர்த்து, அது 22. வாழ்த்துக்கே கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மிச்சத்தில் சலுகையைச் சொல்ல வேண்டும். வலைமுகவரியில் தமிழ் வைத்தாலும் இதே நிலைதான். ‘கடை’ என்ற இரண்டெழுத்துச் சொல் படியெடுத்து ஒட்டும்போது சில இடங்களில் 27 குறிகளாக நீண்டுவிடும். எனவே முகவரி சுருக்கமான ரோமன் எழுத்திலும் உள்ளடக்கம் நல்ல தமிழிலும் இருப்பது கைக்கு எளிது.

இதற்கெல்லாம் மறுப்புகள் வரும். ‘எங்கள் ஆள்கள் எல்லோரும் புலனத்திலும் டிக்டாக்கிலும் இருக்கிறார்கள், வலைத்தளத்தை யார் பார்க்கிறார்கள்?’ என்பது முதல் மறுப்பு. பாதி உண்மை. 2018-இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பொருள் பட்டியல், உடனடிப் பதில் என நல்ல வசதிகள் உண்டு. பழைய வாடிக்கையாளரோடு பேச அதைவிட எளிய வழி இல்லை. ஆனால் உங்களை அறியாதவர் அந்த எண்ணை எங்கிருந்து எடுப்பார்? புதிதாக வேலைக்கு வந்து தாமானில் குடியேறியவர், மகள் திருமணத்துக்கு மாலை தேடும் அடுத்த ஊர்க்காரர் போன்றோர் தேடலில்தான் தொடங்குகிறார்கள். சமூக ஊடகத்தைக் கைவிடச் சொல்லவில்லை. அங்கே வருகிறவரைச் சொந்த முகவரிக்கு அழைத்து வாருங்கள் என்பதே கோரிக்கை.

‘செயற்கை நுண்ணறிவு பதிலைத் திரையிலேயே தந்துவிடுகிறது, இனி யார் பக்கத்தைத் திறப்பார்கள்?’ என்பது இன்னொரு மறுப்பு. இது கனமானது. 2024 மே முதல் கூகுள் தேடல் முடிவுகளின் மேலே நுண்ணறிவுச் சுருக்கங்களை வைக்கத் தொடங்கியது. பொதுச் செய்திகளுக்குப் பக்கத்தைத் திறக்கும் தேவை குறையத்தான் செய்கிறது. ஆயினும் உங்கள் கடையின் விலையையும் வேலை நேரத்தையும் அந்தச் சுருக்கம் எங்கிருந்தோ எடுத்தாக வேண்டும். உரிமையாளரே தெளிவாக எழுதி வைக்காதபோது பழைய பதிவோ அரைகுறைத் தகவலோ அந்த இடத்தை நிரப்பும். அதே நுண்ணறிவுக் கருவியை விளம்பர வாசகம் எழுதப் பயன்படுத்துவதில் தவறில்லை. தமிழில் அது தரும் வாசகத்தை ஒரு முறை உரக்கப் படித்து, ஒற்றும் பால் விகுதியும் சரிபார்த்து, நம் ஊர் வழக்குக்கு மாற்றிய பிறகே வெளியிட வேண்டும்.

‘மலேசியாவில் தமிழில் யார் தேடுகிறார்கள்?’ என்று தமிழர்களே கேட்கிறார்கள். மலாயிலும் ஆங்கிலத்திலும் தேடுகிறவர்கள் நிறைய உண்டு, மறுக்கவில்லை. அதனால்தான் இம்மொழிகளிலும் விவரம் வேண்டும். ஆனால் தமிழுக்குத் தேவை இல்லை என்று ஊகத்தில் முடிவு கட்டக் கூடாது. ஒரு தமிழ்ப் பக்கத்தை வைத்துச் சில மாதம் சர்ச் கன்சோலில் பார்த்தால் பதில் எண்ணாகவே வந்துவிடும். முரசு அஞ்சல் மென்பொருளை 1985-இலேயே முத்து நெடுமாறன் உருவாக்கிய நாடு இது. 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. 2018 முதல் கூகுள் விளம்பரங்களும் தமிழை ஏற்கின்றன. கருவிக்குப் பஞ்சமில்லை, பயன்படுத்துகிறவர்கள்தான் குறைவு. கூட்டம் குறைந்த இடத்தில் கடையின் குரல் எளிதாகக் கேட்கும்.

வாடிக்கையாளர் பட்டியலை வைத்திருப்பதில் பொறுப்பும் உண்டு. 2010-இல் இயற்றப்பட்டு 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நேரடி விளம்பரத்துக்குத் தம் எண்ணைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லும் உரிமையைப் பயனீட்டாளருக்குத் தருகிறது. 2024-இல் திருத்தப்பட்டு அதன் அபராத உச்சவரம்பு 10 லட்சம் ரிங்கிட்டாக உயர்ந்தது. யாரோ விற்கும் எண் பட்டியலை வாங்கி எல்லோருக்கும் செய்தி அனுப்புவது சட்டச் சிக்கல், அதோடு கடையின் பெயருக்கும் கேடு. கேட்டு வாங்கிய 100 எண்கள், கேளாமல் திரட்டிய 10,000 எண்களைவிட மதிப்புள்ளவை. அந்த 100 பேர் உங்கள் செய்தியை எதிர்பார்க்கிறார்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு கட்டண விளம்பரத்துக்குப் போகலாம். 2024 மார்ச் முதல் வெளிநாட்டு இணையச் சேவைகளுக்கான சேவை வரி 8 விழுக்காடு. 500 ரிங்கிட் விளம்பரத்துக்கு 540 ரிங்கிட் கட்ட வேண்டியிருக்கும். பணம் தீர்ந்ததும் விளம்பரம் நின்றுவிடும். அது அழைத்து வருகிறவர் சரியான நேரம் எழுதிய பக்கத்துக்கு, விரைவாகத் திறக்கும் தளத்துக்கு, வருகையைப் பதிவுசெய்யும் கணக்குக்கு வந்து சேர்ந்தால்தான் செலவு முதலீடாக மாறும். இணைய விளம்பரத்தைத் தொழிலாகக் கொண்ட நம் இளைஞர்கள் கடைக்காரரிடம் முதலில் விளம்பரத் திட்டத்தை நீட்டாமல், அவருடைய முகவரியும் கணக்கும் அவர் பெயரில் இருக்கிறதா என்று கேட்டுத் தொடங்கட்டும். அந்தக் கேள்வியால் முதல் மாத வருமானம் குறையலாம். ஆனால் எண்களைத் தானே படிக்கத் தெரிந்த கடைக்காரர் நல்ல வேலையை அடையாளம் காண்பார், அதற்கு மறுபடியும் பணம் கொடுப்பார். தொழிலுக்கும் ஊருக்கும் நிலையான லாபம் அதில்தான் இருக்கிறது.