அரை மணி நேரத்தில் பரவிய பிழை

சென்ற ஆண்டு தீபாவளிக்கு இரண்டு வாரங்கள் இருந்தபோது, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியம்மா ஒரு விளம்பரப் படத்தைப் பகிர்ந்தார். "இதைப் பாத்தீங்களா? காசு குடுத்து விளம்பரம் போடுறாங்க, தமிழைச் சரியா போடத் தெரியல!" என்று கூடவே ஒரு குரல்பதிவு. எல்லாரும் சிரிக்கும் முகங்களை அனுப்பினார்கள். நான் மட்டும் எதுவும் அனுப்பவில்லை. அந்த விளம்பரத்தின் தமிழைச் சரிபார்த்தவள் நான்தான்.

பல்கலைக்கழகத்தில் தொடர்புத் துறையில் பயிலும் நான், அப்போது சிறிய மக்கள் தொடர்பு நிறுவனம் ஒன்றில் வேலைப்பயிற்சியில் இருந்தேன். அங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இன்ஸ்டகிராமில் போடவிருந்த வாசகத்தை ஆவணமாகப் படித்துப் பார்த்துவிட்டுச் "சரி" என்றேன். வடிவமைப்பாளர் அதைப் படத்தில் ஒட்டியபோது, தமிழ் எழுத்துகளைச் சேர்த்துக் காட்டும் வசதி அவரது மென்பொருளில் முடுக்கிவிடப்படவில்லை. "கொண்டாட்டம்" என்ற சொல்லில் கொம்பு, ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது. இறுதிப் படத்தைத் திறந்து பார்க்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆனால் நான் பார்க்கவில்லை.

காலை ஒன்பது மணிக்குப் பதிவு வெளியானது. அரை மணி நேரத்திற்குள் ஒருவர் பிழையைச் சுட்டிக்காட்டிக் கருத்து எழுதிவிட்டார். "நீக்கிவிட்டுச் சரியானதைப் போட்டுவிடலாம். எத்தனை பேர் கவனித்திருக்கப் போகிறார்கள்?" என்று மேலாளர் கேட்டார். அவர் தமிழைக் குறைத்துப் பேசவில்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. நான் என் கைப்பேசியை நீட்டி, பெரியம்மா அனுப்பிய படத்தைக் காட்டினேன். எங்கள் பதிவை நாங்கள் நீக்கலாம். பெரியம்மாவின் கைப்பேசியில் இருப்பதை எப்படி நீக்குவது?

அச்சு விளம்பரக் காலத்தில் பிழையைத் திருத்த மறுநாள் இதழ்வரை காத்திருக்க வேண்டும். ஆனால் வாசகரின் குறைகூறலும் அஞ்சலில்தான் வரும். யோசிக்க நேரம் இருந்தது. இப்போது விளம்பரம் போகும் அதே வழியில், அதே வேகத்தில் பதிலும் வருகிறது.

ஜேம்ஸ் குரூனிக், டாட் ஹண்ட் என்ற இரு அறிஞர்கள் 1984ல் மக்கள் தொடர்பை நான்கு வகைகளாகப் பிரித்தார்கள். முதல் வகையில் நிறுவனம் தன்னைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கும். நான்காவது வகையில் மக்கள் சொல்வதைக் கேட்டு, தானும் மாறும். தேர்வுக்காக இதை மனப்பாடம் செய்திருந்தேன். அன்று காலைதான் அதன் பொருள் புரிந்தது.

2019 ஜூலையில் வந்த இ-பே விளம்பரம் பலருக்கு நினைவிருக்கும். சீன நடிகர் ஒருவரே மலாய், இந்தியப் பாத்திரங்கள் உட்பட நான்கு வேடங்களில் தோன்றினார். இந்தியப் பாத்திரத்துக்காக அவரது முகம் கருமையாக்கப்பட்டிருந்தது. சமூக ஊடகங்களில் எதிர்ப்பு கிளம்பியதும் விளம்பரம் மீட்டுக்கொள்ளப்பட்டது. சம்பந்தப்பட்ட நிறுவனங்கள் மன்னிப்புக் கேட்டன. அப்போது உயர்நிலைப் பள்ளியில் இருந்த எனக்குக் கோபம் வந்தது. "அந்த அறையில் நம்மவர் ஒருவர்கூட இல்லையா?" என்று கேட்டேன்.

இப்போது அறையில் நான் இருந்தேன். இருந்தும் பிழை நடந்தது. ஓர் இந்தியரை வேலைக்கு எடுத்தால் மட்டும் போதாது. அவர் கடைசிவரை பார்க்க வேண்டும், பார்க்க அவருக்கு வாய்ப்பும் கொடுக்க வேண்டும்.

மேலாளர் ஒப்புக்கொண்டார். பிழையை மறைக்காமல், இரண்டே வரியில் மன்னிப்புக் கேட்டு, திருத்திய படத்தைப் போட்டோம். முதலில் சுட்டிக்காட்டியவரின் கருத்துக்குக் கீழே நன்றி தெரிவித்தோம். அவர் மாலையில், "திருத்தியதற்கு மகிழ்ச்சி" என்று பதில் எழுதினார். அதன்பிறகு, தமிழ் உள்ள எந்தப் படமும் நான் இறுதியாகப் பார்க்காமல் வெளியே போகக்கூடாது என்று நிறுவனத்தில் முடிவானது.

வேலைப்பயிற்சிக்குச் செல்லவிருக்கும் மாணவர்களே, அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்றால், ஆவணத்தை மட்டும் பார்த்துத் தலையாட்டிவிடாதீர்கள். "வெளியாகப் போகும் படத்தைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

அன்றிரவு குடும்பக் குழுவில், "பெரியம்மா, அது நான் சரிபார்த்த விளம்பரம்தான்" என்று எழுதினேன். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பெரியம்மாவிடமிருந்து குரல்பதிவு வந்தது: "அடுத்த தடவ எனக்கு முதல்ல அனுப்புடி."

இப்போது அனுப்புகிறேன்.