நேபாள கரன்ட் வங்கதேசம் போவது எப்படி?

நேபாளத்துக்கும் வங்கதேசத்துக்கும் பொது எல்லையே கிடையாது. நடுவில் நம்ம சிலிகுரி. அப்புறம் எப்படி இந்த விற்பனை?

இந்திய கிரிட் வழியாகத்தான். 2024 அக்டோபரில் மூன்று நாடுகளும் ஒப்பந்தம் போட்டன. அளவு 40 மெகாவாட். பீகாரின் முசாபர்பூரில் நேபாளம் மின்சாரத்தை ஏற்றும்; மேற்கு வங்கத்தின் பஹரம்பூர் வழியாக அதே அளவை வங்கதேசம் எடுத்துக்கொள்ளும். இதற்கென புது லைன் போடவில்லை.

ஜூன் 15 முதல் நவம்பர் 15 வரைதான் விற்பனை. மழையில் ஆறுகள் பெருகும்போது நேபாளத்தில் மின்சாரம் மிஞ்சும். வாங்க ஆள் இல்லையென்றால் தண்ணீர் சும்மா ஓடிவிடும். குளிர்காலத்தில் கதை தலைகீழ். ஆறு இளைத்ததும் நேபாளமே இந்தியாவிடம் வாங்கும்.

40 மெகாவாட் ரொம்பச் சின்ன அளவுதான். ஆனால் அதைக் கூட்ட விற்பவரும் வாங்குபவரும் மட்டும் பேசினால் போதாது. நடுவில் லைன் வைத்திருக்கும் இந்தியாவும் சம்மதிக்கணும்.