புயல் காலத்தில் கைபேசியும் வானொலியும்

கடலூர், சிதம்பரம் வட்டார விவசாயிகள் இன்று வானிலை அறியவும், விளைபொருள் விலை கேட்கவும், தொலைவிலிருந்தே மோட்டாரை இயக்கவும் கைபேசியையே நம்பியுள்ளனர். 2018இல் வந்த ‘உழவன்’ செயலியில் மானிய விவரம் கிடைக்கிறது. ‘தாமினி’ செயலி 20 கிலோமீட்டருக்குள் மின்னல் தாக்கும் வாய்ப்பை முன்னதாகத் தெரிவிப்பதால், நடவு வயலில் நிற்போர் உரிய நேரத்தில் வீடு திரும்ப இயலும்.

ஆயினும் புயலின்போது இக்கருவி கைவிடக்கூடும். 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, பண்ருட்டிப் பகுதியில் முந்திரி, பலா மரங்களோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. மின்சாரம் உற்பத்தியாகும் நெய்வேலி இதே மாவட்டத்தில்தான் உள்ளது. இருந்தும் பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன.

கைபேசியில் சார்ஜ் இருந்தால் போதும் என எண்ணுதல் கூடாது. அது பேசுவது அருகிலுள்ள கோபுரத்துடன். மின்சாரம் நின்றால் கோபுரம் பேட்டரியிலும், பின்னர் டீசல் ஜெனரேட்டரிலும் இயங்கும். சாலையில் மரம் விழுந்து டீசல் வராவிடில் கோபுரமும் ஊமையாகிவிடும். எல்லாக் கைபேசிகளிலும் ஒரே நேரத்தில் ஒலிக்கும் எச்சரிக்கை முறை 2023இல் தமிழகத்தில் சோதிக்கப்பட்டது. அதற்கும் கோபுரம் தேவை. வானொலிக்கோ தொலைவிலுள்ள நிலையம் இயங்கினால் போதும்.

எனவே ஐப்பசி பிறக்குமுன் டிரான்சிஸ்டர் ஒன்றைச் சரிபார்த்து, புதிய பேட்டரிக் கட்டைகளைத் தனியே வாங்கி வைத்தல் வேண்டும். கட்டைகளை உள்ளேயே விட்டுவைத்தால் கசிந்து கருவி கெடும். எச்சரிக்கை வந்தவுடன் கைபேசி, பவர் பேங்க் இரண்டையும் முழுமையாக சார்ஜ் செய்து கொள்ளவும். இணைப்பு நெரிசலாக இருக்கையில், பேச முயல்வதைவிடக் குறுஞ்செய்தி எளிதில் சென்று சேரும்.