அறிதுயில்: குறைவது பிரசவ வலியா, பயமா?



அண்மையில் படிவம் நான்கு மாணவி ஒருவர் பாடம் முடிந்ததும் தயங்கியபடி என்னிடம் வந்தார். “டீச்சர், அக்காவுக்கு அடுத்த மாதம் பிரசவம். தினமும் ராத்திரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஹிப்னாடிசம் ஒலிப்பதிவு கேட்கிறார். வலியே தெரியாமல் பிள்ளை பெறலாம் என்கிறார். பாட்டியோ, மயக்கம் போட்டால் குழந்தைக்கு ஆபத்து என்று பயப்படுகிறார். யார் சொல்வது சரி?”

இருவர் சொல்வதும் முழுக்கச் சரியில்லை. ஆனால் அக்கா செய்வதில் அறிவியல் இருக்கிறது. எவ்வளவு இருக்கிறது என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

முதலில் ஒரு சோதனை. கண்களை மூடிக்கொள்ளுங்கள். பச்சை மாங்காய் ஒன்றைக் கீற்றுக் கீற்றாக நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, ஒரு கீற்றைக் கடிப்பதாக நினைத்துப் பாருங்கள். வாயில் எச்சில் ஊறுகிறதா? “உமிழ்நீரே, சுரந்து வா” என்று கட்டளையிட்டால் சுரப்பிகள் கேட்காது. ஆனால் ஒரு தெளிவான கற்பனைக்கு அவை பணிகின்றன. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

தூக்கமும் இல்லை, மயக்கமும் இல்லை

சினிமாவில் வில்லன் சங்கிலிக் கடிகாரத்தை ஆட்டுவார். எதிரில் இருப்பவர் பொம்மையாகிவிடுவார். உண்மை அப்படியல்ல. ஹிப்னாடிசத்தைத் தமிழில் அறிதுயில் என்கிறோம். அறிவோடு இருக்கும் துயில் என்ற பொருள் இதற்கு நன்றாகவே பொருந்துகிறது. அந்நிலையில் இருப்பவருக்குச் சுற்றி நடப்பது தெரியும். விரும்பினால் எழுந்து போகலாம். கவனம் ஒரே இடத்தில் குவிந்திருக்கும். சொல்லப்படும் கருத்தை மனம் எளிதில் ஏற்கும். ஒரு நல்ல கதைப் புத்தகத்தில் மூழ்கி, அம்மா கூப்பிட்டது காதில் விழாமல் இருந்திருப்பீர்களே, அதற்கு நெருக்கமான நிலை இது.

இதன் வரலாறு ஒரு தவறான கருத்தில் தொடங்கியது. 18ஆம் நூற்றாண்டில் மெஸ்மர் என்ற மருத்துவர், உடலில் ஒரு காந்த ஆற்றல் ஓடுவதாகவும் அதைச் சரிசெய்து நோயைத் தீர்க்க முடியும் என்றும் சொன்னார். 1784ஆம் ஆண்டு பிரெஞ்சு மன்னர் ஒரு குழுவை அமைத்து இதை ஆராயச் சொன்னார். பெஞ்சமின் பிராங்கிளினும் வேதியியல் அறிஞர் லவோசியேயும் அக்குழுவில் இருந்தனர். கண்களைக் கட்டிச் சோதித்தபோது, ‘காந்தம்’ ஏற்றப்படாத மரத்தருகே நின்றும் ஒரு சிறுவன் மயங்கி விழுந்தான்! காந்தம் பொய், வேலை செய்தது கற்பனை என்று குழு முடிவு செய்தது. பின்னர் 1840களில் ஜேம்ஸ் பிரெய்டு என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், காந்தக் கதையை ஒதுக்கிவிட்டு, ஹிப்னாடிசம் என்ற பெயரைப் பரப்பினார்.

பயம் வந்தால் என்ன நடக்கிறது?

பிரசவத்தின்போது கருப்பைத் தசைகள் விட்டு விட்டுச் சுருங்குகின்றன. அதனால் கருப்பை வாய் கொஞ்சம் கொஞ்சமாக ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் வரை திறக்கிறது. இதை நடத்துவதில் ஆக்சிடோசின் என்ற ஹார்மோனுக்குப் பெரிய பங்கு உண்டு. குழந்தையின் தலை கருப்பை வாயை அழுத்த அழுத்த, ஆக்சிடோசின் அதிகம் சுரக்கும், சுருக்கம் வலுக்கும். பாடத்தில் படிக்கும் நேர்மறைப் பின்னூட்டத்துக்கு இதுவே சிறந்த எடுத்துக்காட்டு.

பயந்தால் சுரப்பது அட்ரினலின். ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடலைத் தயார் செய்யும் ஹார்மோன் அது. இதயம் வேகமாகத் துடிக்கும், தசைகள் இறுகும். அட்ரினலின் மிகுந்தால் கருப்பையின் சுருக்கம் தளரவும் கூடும். இங்கிலாந்து மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீட் 1930களிலேயே ஒரு சுழற்சியைப் பற்றி எழுதினார்: பயம் இறுக்கத்தைத் தரும், இறுக்கம் வலியைக் கூட்டும், வலி மீண்டும் பயத்தை வளர்க்கும். பிரசவ வலி முழுவதையும் இதனால் விளக்கிவிட முடியாது. பயமே இல்லாதவருக்கும் வலிக்கும். ஆனாலும் சுழற்சியைப் பயம் என்ற இடத்தில் தளர்த்தலாம் என்ற எண்ணம்தான் இன்றைய அறிதுயில் பயிற்சிக்கு அடிப்படை.

பயிற்சி கர்ப்பத்தின் பிற்பகுதியில் நடக்கும். மெதுவாக மூச்சை விடுவது, உடலைத் தளர்த்துவது, மனத்துக்குப் பிடித்த பாதுகாப்பான இடத்தைக் கற்பனை செய்வது, ஒவ்வொரு சுருக்கத்தையும் வந்து போகும் அலையாக நினைப்பது ஆகியவற்றைத் தாய் பழகுவார். வீட்டில் ஒலிப்பதிவைக் கேட்டுப் பழகி, பிரசவ அறையில் தாமே அந்நிலைக்குச் செல்வார். இதில் மருந்து எதுவும் இல்லை. ஆகவே பாட்டி பயப்படும் மயக்கமும் இல்லை.

மூளைக்குள் ஒரு பார்வை

கனடாவின் மான்ட்ரியல் நகரில் பியர் ரேன்வில் குழுவினர் நடத்திய ஆய்வு 1997ஆம் ஆண்டு வெளியானது. தன்னார்வலர்கள் 47 பாகை செல்சியஸ் சுடுநீரில் கையை வைத்தனர். அறிதுயில் நிலையில், அந்த வலி தரும் துன்பம் கூடுவதாகவோ குறைவதாகவோ அவர்களுக்குச் சொல்லப்பட்டது. நீரின் சூடு மாறவில்லை. வலியின் உணர்வைப் பதிவு செய்யும் மூளைப் பகுதியின் செயல்பாடும் பெரிதாக மாறவில்லை. ஆனால் வலியின் துன்பத்தோடு தொடர்புடைய மற்றொரு பகுதியின் செயல்பாடு, சொன்ன சொல்லுக்கேற்ப மாறியது. வலி எவ்வளவு என்பது ஒன்று; அது நம்மை எவ்வளவு வாட்டுகிறது என்பது வேறொன்று.

மருத்துவமனையில் என்ன தெரிந்தது?

ஆய்வுக்கூடத்தில் நடப்பது பிரசவ அறையிலும் நடக்குமா? இங்கிலாந்தில் முதல் குழந்தையை எதிர்பார்த்த 680 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவுக்கு வழக்கமான கவனிப்பு. மற்றதற்கு அதனுடன் 90 நிமிட வகுப்புகள் இரண்டும், வீட்டில் கேட்க ஒலிப்பதிவும் கிடைத்தன. 2015இல் முடிவு வெளியானது. முதுகுத்தண்டருகே செலுத்தும் எபிடியூரல் என்ற வலி மருந்தைப் பயிற்சி பெற்றவர்களில் 27.9 விழுக்காட்டினரும், பெறாதவர்களில் 30.3 விழுக்காட்டினரும் பயன்படுத்தினர். இவ்வளவு சிறிய வேறுபாடு தற்செயலாகவும் வரலாம். எனவே எபிடியூரல் தேவையைப் பயிற்சி குறைத்தது என்று சொல்ல முடியாது.

ஆனால் ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கேட்டிருந்தனர். பிரசவத்தின்போது எவ்வளவு பயம் இருக்கும் என்று முன்பே எதிர்பார்த்தீர்கள்? பிறகு உண்மையில் எவ்வளவு இருந்தது? எதிர்பார்த்ததைவிடப் பயமும் பதற்றமும் குறைவாகவே இருந்ததாகப் பயிற்சி பெற்றவர்கள் கூடுதலாகச் சொன்னார்கள். டென்மார்க்கில் 1,222 பெண்களிடம் நடந்த ஆய்விலும் எபிடியூரல் பயன்பாட்டில் வேறுபாடு இல்லை; பிரசவ அனுபவத்தை மட்டும் பயிற்சி பெற்றவர்கள் சற்று நல்லதாக மதிப்பிட்டனர். 9 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2016ஆம் ஆண்டின் தொகுப்பறிக்கை, வலி மருந்துகளின் மொத்தப் பயன்பாடு குறையக்கூடும், ஆனால் எபிடியூரல் குறைவதாகத் தெரியவில்லை என்றது.

அக்காவுக்கு என்ன சொல்வது?

அந்த மாணவியிடம் நான் சொன்னது இதுதான். அக்கா தாராளமாகக் கேட்கட்டும். ஆனால் கார் ஓட்டும்போது வேண்டாம். மருத்துவரிடமும் தாதியரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடட்டும். கடுமையான மனநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது. மிக முக்கியமாக, “வலியே இருக்காது” என்று நம்பிப் போகவேண்டாம். அப்படிப் போனவருக்கு வலி வந்தால், தாம் தோற்றுவிட்டதாகத் தோன்றும். வலி மருந்து கேட்பதோ, அறுவை சிகிச்சை தேவைப்படுவதோ தோல்வியில்லை. அறிதுயில் மருத்துவத்துக்குத் துணையே தவிர மாற்று இல்லை.

இன்றிரவு அம்மாவிடமோ பாட்டியிடமோ அவர்களுடைய பிரசவ நாளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் முதலில் சொல்வது வலியையா, பயத்தையா, அல்லது அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதையா? கவனித்துக் குறித்து வையுங்கள். அந்த ஆய்வாளர்களும் இப்படிக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள்.