இரண்டாவது துப்பாக்கியும் ஏழையின் முதலாவது துப்பாக்கியும்

1986ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் திகதி காலை, மியாமி நகரின் புறத்தே வங்கிக் கொள்ளையர் இருவரை அமெரிக்கக் கூட்டரசுப் புலனாய்வுத் துறையினர் எண்மர் மடக்கினர். கார்கள் மோதிக்கொண்ட வேகத்தில், ஜோன் ஹான்லன் என்ற அதிகாரியின் கைத்துப்பாக்கி எங்கோ தெறித்துப் போயிற்று. அவர் தம்மிடம் மறைவாக வைத்திருந்த ஐந்து ரவை கொள்ளும் சிறிய ரிவோல்வரை உருவிக்கொண்டு வீதியைக் கடந்தோடினார். ஐந்தும் தீர்ந்து, மீண்டும் ரவை நிரப்பிக்கொண்டிருந்த வேளையிலே அவர் கையில் சூடுபட்டது. சண்டை ஓய்ந்தபோது அதிகாரிகள் இருவரும் கொள்ளையர் இருவரும் இறந்து கிடந்தனர். அதிகாரிகள் ஐவர் காயமுற்றிருந்தனர்.

அமெரிக்கப் பொலிஸாரிடையே ‘பக்கத்துணைத் துப்பாக்கி’ பற்றிப் பேச்செழும்போதெல்லாம் இச்சம்பவம் நினைவுகூரப்படுகின்றது. முதலாவது துப்பாக்கி கைநழுவலாம், சிக்கிக்கொள்ளலாம், எதிராளியாற் பறிக்கப்படலாம். அப்போது உயிர்காக்க இன்னொன்று வேண்டும் என்பது வாதம். வாதத்திற் குறையில்லை. ஆனால் அந்த இன்னொன்று எத்தகையது, எவர் கைக்குப் போகின்றது என்பதிலேயே கதை கிளைக்கின்றது.

கணுக்காலிலோ காற்சட்டைப் பையிலோ மறைக்கவேண்டிய ஆயுதம் சிறியதாக இருத்தல் வேண்டும். சிறிதாகும்போது வலுவும் குறையும். ஜோன் பிறவுணிங் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் பெல்ஜியத்து எப்.என். நிறுவனத்துக்காக 1905ஆம் ஆண்டளவில் உருவாக்கிய சட்டைப்பைப் பிஸ்டல் இவ்வகைக்கு மூதாதை எனலாம். நீளம் சுமார் 11 சென்ரிமீற்றர், எடை 400 கிராமுக்கும் குறைவு, குழாயின் விட்டம் 6.35 மில்லிமீற்றர். அமெரிக்கர் இதனைப் பொயின்ற் இருபத்தைந்து என்பர். அதன் சன்னம் மூன்று கிராமுக்குச் சற்று மேல். அது சுமந்து செல்லும் சக்தி, பொலிஸார் வழமையாகப் பாவிக்கும் 9 மில்லிமீற்றர் சன்னத்தின் சக்தியில் ஐந்திலொன்றும் இராது. இன்னும் சிறிய பொயின்ற் இருபத்திரண்டு ரவையோ அடிவிளிம்பிற் தீமருந்து கொண்டது. சிலவேளை வெடியாது ஏமாற்றும். பிறவுணிங்கின் ரவையில் அது நடுவில் இருப்பதால் நம்பகம் கூடுதல். அவ்வளவே அதன் பெருமை.

சிறியது என்பதனால் தீங்கற்றது என்று எவரும் கருதிவிடலாகாது. 1981ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் திகதி ஜனாதிபதி றொனால்ட் றேகனைத் துளைத்தது பொயின்ற் இருபத்திரண்டு சன்னமே. காரிற் பட்டுத் தெறித்து, இதயத்துக்கு ஓரங்குலம் அண்மையில் அது தங்கியது. அவருடைய பத்திரிகைச் செயலாளர் ஜேம்ஸ் பிறேடி தலையிற் காயமுற்று எஞ்சிய வாழ்வு முழுவதும் ஊனமுற்றிருந்து 2014இல் காலமானபோது, அம்மரணம் கொலையென்றே பதிவாயிற்று. சுட்ட ஆயுதம், ஜேர்மனியின் றோம் நிறுவனத்து உதிரிப்பாகங்களை மியாமியிற் பொருத்திச் செய்யப்பட்ட மலிவு ரிவோல்வர்.

உதிரிப்பாகமாக ஏன் வரவேண்டும்? 1968ஆம் ஆண்டு மார்ட்டின் லூதர் கிங்கும் றொபேர்ட் கென்னடியும் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டதன் பின், அமெரிக்கக் காங்கிரஸ் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டமொன்றை நிறைவேற்றிற்று. விளையாட்டுக்குப் பயன்படாத சிறு கைத்துப்பாக்கிகளின் இறக்குமதியை அது தடுத்தது. உள்நாட்டில் அதே பொருளைச் செய்வதைத் தடுக்கவில்லை. இத்தனைக்கும் றொபேர்ட் கென்னடியைக் கொன்ற ரிவோல்வர் மசாசூசெற்ஸ் மாநிலத்திலே செய்யப்பட்டது!

இறக்குமதி நின்ற வெற்றிடத்தை நிரப்பியவர், கலிபோர்னியாவில் இயந்திரப் பட்டறை வைத்திருந்த ஜோர்ஜ் ஜெனிங்ஸ். 1970இல் அவர் தொடங்கிய றேவன் நிறுவனத்தின் பொயின்ற் இருபத்தைந்து பிஸ்டல், உருக்கைக் கடைந்து செய்யப்பட்டதன்று. நாகக் கலப்புலோகத்தை உருக்கி அச்சில் வார்த்தது. பொம்மைக் கார்களும் கதவுப் பிடிகளும் வார்க்கும் அதே முறை. பின்னர் மகன், மருமகன், மகனின் நண்பர் என்று ஒவ்வொருவராகப் பிறைக்கோ, டேவிஸ், லோர்சின் ஆகிய நிறுவனங்களைத் தொடங்கினர். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரைச் சூழ அமைந்த இத்தொழிற்சாலைகளை ஆராய்ந்த மருத்துவர் கறென் வின்ரமியூற், 1994இல் வெளியிட்ட ஆய்வில் அவற்றுக்கு ‘நெருப்பு வளையம்’ எனப் பெயரிட்டார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவிற் செய்யப்பட்ட கைத்துப்பாக்கிகளில் ஏறத்தாழ மூன்றிலொன்று இச்சில குடும்பங்களின் பட்டறைகளிலிருந்தே வந்தது. நூறு டொலருக்குக் குறைவாகவே பல விலைபோயின.

நாகக் கலவை 390 பாகை செல்சியசுக்குள் உருகிவிடும். இதைக்கொண்டே இலினோய், தென் கரோலினா ஆகிய மாநிலங்கள் 1973இல் ஒரு விசித்திரமான சட்டம் செய்தன: 800 பாகை பரனைற்றுக்கு, அதாவது சுமார் 427 பாகை செல்சியசுக்குக் கீழே உருகும் உலோகத்தாலான கைத்துப்பாக்கியை விற்றலாகாது. ஆயுதத்தின் ஒழுக்கத்தை உருகுநிலையால் அளந்த சட்டமன்றங்கள் வேறெங்கேனும் உண்டோ, அறியேன்.

பக்கத்துணை என்ற தகுதிக்கு இவற்றின் பொருத்தம் எவ்வளவு? பலவற்றின் உட்புறத்தே, விழுந்தால் வெடியாதபடி சுடுஊசியைத் தடுத்து நிறுத்தும் பொறி இல்லை. ஆகவே சுடும் அறையில் ரவையோடு சுமப்பது ஆபத்து. வெறுமையாகச் சுமந்தாலோ, வேண்டிய கணத்தில் மேற்பாகத்தைப் பின்னிழுத்து ரவையை ஏற்ற இரு கைகள் தேவை. ஒரு கையை எதிராளி பிடித்திருக்கும் வேளைக்கென்றே வைத்த துப்பாக்கி, இரு கைகளைக் கேட்கின்றது. வசதியுள்ளவர் நல்ல உருக்கில் இரண்டாவது துப்பாக்கி வாங்கினர். ஏனையோருக்கு நாகப் பிஸ்டலே முதலாவது, அதுவே இரண்டாவது, அதுவே கடைசி.

இங்கே மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இவ்வகைத் துப்பாக்கிக்கு ‘சனிக்கிழமை இரவு ஸ்பெஷல்’ என்ற இகழ்ச்சிப் பெயர் உண்டு. அப்பெயரிற் கறுப்பு மக்கள் மீதான வெறுப்பின் வாடை வீசுகின்றது என்பர் பலர். வரலாறு அவர்கள் பக்கமே சாட்சி சொல்கின்றது. 1879இல் ரெனசி மாநிலமும் 1881இல் ஆர்கன்சாவும், இராணுவ, கடற்படை மாதிரிகள் தவிர்ந்த கைத்துப்பாக்கிகளின் விற்பனையைத் தடைசெய்தன. விலையுயர்ந்த அம்மாதிரிகள் பழைய படையினரிடம் ஏற்கெனவே இருந்தன. அடிமைத்தளையிலிருந்து மீண்டவர்களிடம் அவற்றை வாங்கப் பணமில்லை. மலிவுத் துப்பாக்கியைத் தடுத்தல் சிலவேளை ஏழையைத் தடுத்தலேயாகும் என்ற வாதத்தை நான் எளிதிற் தள்ளிவிட மாட்டேன். எனினும் அந்த ஏழைக்கு விற்கப்பட்டது, விழுந்தால் வெடிக்கும் பண்டம் என்பதையும் மறைத்தல் நேர்மையாகாது.

இரண்டாவது துப்பாக்கிக்கு மூன்றாவது பயன் ஒன்றும் உண்டு. ஆயுதமற்ற ஒருவரைச் சுட்டபின் அவரருகே ‘போட்டுவிட’ உதவுவது. 2003இல் மியாமிப் பொலிஸார் நால்வர், துப்பாக்கி வைத்துச் சாட்சியம் சோடித்த வழக்கிற் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். 2005ஆம் ஆண்டு செப்ரெம்பர் 4ஆம் திகதி, கத்ரினாப் புயலின் பின், நியூ ஓர்லியன்ஸ் நகரத்து டான்சிகர் பாலத்தில் ஆயுதமற்ற இருவர் பொலிஸாராற் கொல்லப்பட்டு நால்வர் காயமுற்றபோது, விசாரணை அதிகாரியே தம் வீட்டிலிருந்து துப்பாக்கியொன்றைக் கொணர்ந்து சான்றுப்பொருளாக்கினார். பால்ட்டிமோரில் 2018இல் நடந்த வழக்கொன்றிலோ, இதே தேவைக்காக விளையாட்டுத் துப்பாக்கிகளை வாகனத்தில் வைத்திருந்ததாகத் துப்பறிவாளர் ஒருவர் சாட்சியமளித்தார். உடலருகே ஆயுதம் ‘கண்டெடுக்கப்பட்ட’ செய்தியை எவ்வாறு வாசிப்பதென்று நம்மவர்க்குக் கற்பிக்க வேண்டியதில்லை.

நம்மவர் பலர் இரவுக் கடைகளிலும் எரிபொருள் நிலையங்களிலும் தனித்து நிற்பவர்கள். கல்லாப்பெட்டியின் கீழே சிறிதாக ஒன்று இருந்தால் என்ன என்ற எண்ணம் எழுவது இயல்பே. பிரித்தானியாவில் 1997இன் சட்டங்களுக்குப் பின் அக்கேள்விக்கே இடமில்லை. கனடாவிலும் 2022 ஒக்ரோபர் முதல் தனியாருக்கான கைத்துப்பாக்கி விற்பனை முடக்கப்பட்டது. வாங்குவது எளிதான ஐக்கிய அமெரிக்காவிலேதான் பொறி இருக்கின்றது. அங்கே சட்டபூர்வ அனுமதியின்றி இருப்பவர் துப்பாக்கியோ, ஒரேயொரு ரவையோ வைத்திருத்தல் கூட்டரசுக் குற்றம். நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்கூட, துப்பாக்கிக் குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டால் நாடுகடத்தப்படக் கூடும். தஞ்ச வழக்கு முடியாதவர், கடை முதலாளியின் துப்பாக்கியை மேசை இழுப்பறைக்குள் எடுத்து வைக்கு முன்னரும் சட்டத்தரணி ஒருவரைக் கேட்டல் நன்று.

கலிபோர்னிய வளையம் பின்னர் அறுந்தது. 1999இல் அம்மாநிலம் இயற்றி 2001இல் நடைமுறைக்கு வந்த சட்டம், கைத்துப்பாக்கி ஒவ்வொரு மாதிரியும் 600 ரவைகள் சுட்டுச் சோதிக்கப்படவும், கொங்கிறீற்றின் மேல் விழுத்திப் பார்க்கப்படவும் வேண்டுமென்றது. லோர்சினும் டேவிசும் அதற்கு முன்னரே வங்குரோத்தாகியிருந்தன. பிறைக்கோவை வீழ்த்தியது ஒரு சிறுவனின் வழக்கு. 1994இல் கலிபோர்னியாவின் வடபகுதியிலுள்ள வீடொன்றில், பாதுகாப்புக்கென வாங்கிய பிறைக்கோ பிஸ்டலின் ரவையை அகற்ற ஒருவர் முயன்றார். ரவையை அகற்றுவதற்கே பாதுகாப்புப் பூட்டைத் திறந்தாக வேண்டும் என்பது அதன் அமைப்பு. திறந்தார், வெடித்தது. ஏழு வயதுச் சிறுவன் கழுத்துக்குக் கீழே செயலிழந்தான். 2003இல் யூரிமார் விதித்த நட்டஈட்டில் உற்பத்தியாளர் தரப்பின் பங்கு சுமார் 24 மில்லியன் டொலர். நிறுவனம் வங்குரோத்து மனுப்போட்டது.

2004இல் அதன் சொத்துக்கள் ஏலத்துக்கு வந்தன. சக்கர நாற்காலியிலிருந்த அவ்விளைஞன், எஞ்சிய துப்பாக்கிகளையெல்லாம் உருக்கிவிடுவதற்காகப் பணம் திரட்டி ஏலங்கேட்டான். 510,000 டொலருக்கு அவனை வென்றவர் அத்தொழிற்சாலையின் முன்னாள் மேற்பார்வையாளர். அவர் வேறு பெயரில் அதே பிஸ்டல்களை வார்க்கத் தொடங்கி, பின்னர் நெவாடா மாநிலத்திற்குத் தொழிலைக் கொண்டு சென்றார். அந்த நிறுவனம் 2020இல் வங்குரோத்தாயிற்று.